ஏலத்துக்கு வந்த வீடும் எழுதாத கடனும்

தினசரிப் பத்திரிகைகளில் கலியாண விளம்பரங்களுக்கு அடுத்தபடியாக நடுத்தரக் குடும்பத்தினர் ஊன்றிப் படிக்கும் பகுதி ஏல அறிவிப்புகள் என்றுதான் தோன்றுகிறது. சில நாட்களில் அந்த அறிவிப்புகள் முழுப் பக்கத்தையும் அடைத்துக் கொள்கின்றன. மிகச் சிறிய எழுத்து. ஊர், தெரு, சர்வே நம்பர், சதுர அடி, கடன்காரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை என்று ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கி அடித்திருக்கும். கடைசியில் கொஞ்சம் கனத்த எழுத்தில் ஒரு விலை. இதற்குக் குறைந்து விற்பதில்லை என்று பாங்கி குறிப்பிடும் ஆரம்ப விலை அது. அதைப் பார்த்தவுடன் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொள்கிறார். "அதே தெருவில் போன வருஷம் இதைவிடச் சிறிய வீடு இன்னும் பத்து லட்சம் அதிகம் போயிற்றே!" என்கிறார். சமையலறையிலிருந்து அம்மாளும் வந்து எட்டிப் பார்க்கிறாள். அன்று மத்தியானமே மாப்பிள்ளைக்கு டெலிபோன் போகிறது.

வீடு மலிவாகக் கிடைப்பது தவறல்ல. வாங்க விரும்புவதும் தவறல்ல. ஆனால் அந்த விலை ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்காமல் பணத்தைக் கட்டிவிடும் குடும்பங்கள் அநேகம். முப்பது வருஷ உத்தியோகத்தில் சேர்ந்த சேம நிதி, பெண்ணுக்கென்று வாங்கி வைத்த நகை, ஊர் நிலத்தை விற்று வந்த பணம் எல்லாம் ஒரே நாளில் ஒரு வீட்டுக்குள் போய் அடைபடுகின்றன. வீட்டின் மீது வேறு யாருக்கு என்ன பாத்தியம் இருக்கிறது என்பது பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. அறிவிப்பில் அச்சாகும் விலை பாங்கிக்குக் கொடுக்க வேண்டிய விலை மட்டுமே. வீடு கைக்கு வந்து சேருவதற்கு ஆகும் முழு விலையை யாரும் அச்சிடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வேலை வாங்குகிறவருடையது.

விற்பவர் யார்?

வீடுகள் இரண்டு வழியாக ஏலத்துக்கு வருகின்றன. ஒன்று பழைய வழி. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தாவாப் போட்டு, டிக்ரி வாங்கி, சொத்தை ஜப்தி செய்து, கோர்ட்டு மூலமாகவே ஏலம் போடுவது. இதற்கு 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது உத்தரவு விரிவான விதிகளைக் கூறுகிறது. இந்த வழியில் ஏலம் முடிந்த பிறகும் வாங்கினவர் நிம்மதியாகத் தூங்க முடியாது. சொந்தக்காரர் அறுபது நாட்களுக்குள் டிக்ரிக்குரிய தொகையையும், வாங்கினவருக்கு ஆறுதலாகக் கிரயத் தொகையில் நூற்றுக்கு ஐந்தும் கட்டி ஏலத்தை ரத்து செய்துகொள்ளலாம்.

மற்றொன்று 2002-ம் வருஷத்துச் சட்டத்தின் வழி. சர்பாசி சட்டம் என்று எல்லோராலும் அழைக்கப்படுவது இதுவே. இதன்படி பாங்கி கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தவணை தவறிய கடன்காரருக்கு அறுபது நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புகிறது. பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் செய்துகொள்கிறது. மதிப்பிடுகிறவரைக் கொண்டு மதிப்பிட்டு, முதல் ஏலமானால் முப்பது நாள் அறிவிப்பு கொடுத்து விற்கிறது. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. இன்று பத்திரிகைகளில் நாம் காணும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்; ஆகையால் இதைப் பற்றியே அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவிப்பை இரண்டு பத்திரிகைகளில் வெளியிட வேண்டும், அவற்றில் ஒன்று அந்தப் பிரதேசத்து மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. தமிழ்நாட்டுச் சொத்தைப் பற்றித் தமிழில் சொல்ல வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது சந்தோஷமான விஷயந்தான். ஆனால் அந்தத் தமிழைப் படித்தவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்திலுள்ள ஆங்கிலப் பத்திரிகையைத் தேடுகிறார்கள். பொருள் விளங்காத வாக்கியத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவது மனித சுபாவம். இந்த அறிவிப்புகளில் அப்படித் தாண்டிப் போகும் வாக்கியத்தில்தான் ஆபத்தே இருக்கிறது.

அந்த வாக்கியம் இதுதான்: "சொத்து உள்ள இடத்தில், உள்ளது உள்ளபடி, என்ன இருக்கிறதோ அந்த நிலையில் விற்கப்படுகிறது." இதற்குக் கீழே, "பாங்கிக்குத் தெரிந்த வில்லங்கம்" என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே பெரும்பாலும் "இல்லை" அல்லது "தெரியவில்லை" என்று எழுதியிருக்கும்.

சாதாரணமாக ஒருவரிடமிருந்து நாம் வீடு வாங்கும்போது, 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. விற்பவர் தமக்குத் தெரிந்த குறையை மறைக்கக் கூடாது. விற்பதற்குத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதி கொடுத்தவராகவே சட்டம் அவரைக் கருதுகிறது. ஏலத்தில் பாங்கி அத்தகைய உறுதி எதுவும் கொடுப்பதில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டால் அதன் கடமை தீர்ந்தது. விதியும் "தெரிந்த வில்லங்கம்" என்றுதான் சொல்கிறதே தவிர, "இருக்கிற வில்லங்கம்" என்று சொல்லவில்லை. பாங்கி அதிகாரியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் அந்த வீட்டில் குடியிருந்தவரல்ல. பத்து வருஷத்துக்கு முன் கடன் கொடுத்த காலத்தில் ஒரு வக்கீல் எழுதிய அபிப்பிராயக் கடிதம் அவருடைய பைலில் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தின் நகலையும், மூலப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தயங்கக் கூடாது. பார்க்க அனுமதிக்காத இடத்தில் பணத்தைக் கட்டாமல் திரும்பி வருவது உத்தமம்.

பதிவேடு பேசுவது எவ்வளவு?

"வில்லங்க ஸர்ட்டிபிகேட் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று என்ற நினைப்பில் சொல்கிறார்கள். அந்த ஸர்ட்டிபிகேட் மகா உபயோகமானது. நாட்டின் பதிவேடுகளைப் பிரஜைகள் யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்பதும், தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தபடியே பதிவுத் துறையின் இணையத் தளத்தில் தேடலாம் என்பதும் சாமான்ய வசதிகள் அல்ல. ஆனால் பதிவேடு எந்தக் கேள்வியைக் கேட்டோமோ அதற்கு மட்டும் பதில் சொல்லும்.

ஒரு மனை முதலில் 112/3 என்ற சர்வே நம்பரில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பிற்பாடு உட்பிரிவு செய்து 112/3பி ஆயிற்று. நகர எல்லைக்குள் வந்த பிறகு நகர சர்வேயில் வேறொரு நம்பர் கிடைத்தது. ஏல அறிவிப்பில் கடைசி நம்பர்தான் இருக்கும். அதை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய நம்பரில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகும். எல்லா நம்பர்களையும் தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டும். சக்குபந்தியையும் விடக் கூடாது. கிழக்கே இன்னார் மனை, மேற்கே பொது வழி என்று பழைய பத்திரத்தில் எழுதியிருப்பது, ஏல அறிவிப்பில் "மேற்கே இன்னார் மனை" என்று மாறியிருந்தால், வழி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா?

இன்னொரு சங்கடம், ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்களின் எல்லைகள் அவ்வப்போது மாறுவது. புது ஆபீஸ் ஒன்று ஏற்பட்டு, கிராமம் அதன் கீழ் வந்திருக்கும். அதற்கு முந்தைய பதிவுகள் பழைய ஆபீஸில் இருக்கும். புது ஆபீஸின் பெயரில் மட்டும் தேடி, "வில்லங்கம் இல்லை" என்ற 16-ம் நம்பர்ப் படிவத்தைப் பெற்று மகிழ்ந்து போகிறவர்கள் உண்டு. குறைந்தது முப்பது வருஷத்துக்குத் தேடுங்கள் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சங்கிலி எங்கே அறாமல் தொடங்குகிறதோ அதுவரை போவது அதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இனி, எவ்வளவு ஒழுங்காகத் தேடினாலும் அந்த ஸர்ட்டிபிகேட்டில் வராதவை. பதிவு ஆபீஸில் ஸ்தாவர சொத்துப் பத்திரங்கள் ஏறுவது முதல் புத்தகத்தில். உயில்கள் மூன்றாவது புத்தகத்தில் ஏறுகின்றன. வில்லங்க ஸர்ட்டிபிகேட் முதல் புத்தகத்தைப் பற்றியது. ஆகையால் பாட்டனார் எழுதி வைத்த உயில் அதில் தெரியாது. உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை என்பதால், எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கவும் கூடும். கோர்ட்டில் நடக்கும் வழக்கும் சாதாரணமாக அதில் வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது கைமாறிய சொத்து அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று 1882-ம் வருஷத்துச் சட்டத்தின் 52-வது ஷரத்து சொல்கிறது. வாங்கினவருக்கு வழக்கு தெரியுமா தெரியாதா என்று அந்த ஷரத்து கேட்பதில்லை. நல்ல காலமாக, கோர்ட்டுகளின் இணையத் தளத்தில் வாதி பிரதிவாதி பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேட இப்போது வழி இருக்கிறது. சொந்தக்காரர் பெயர், அவருடைய சகோதர சகோதரிகள் பெயர், ஜாமீன்தாரர் பெயர் எல்லாவற்றையும் போட்டுத் தேட ஒரு சாயங்காலம் போதும்.

பத்திரங்களைக் கொடுத்து வைத்துக் கடன் வாங்கும் முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1882-ல் இந்த முறையை அனுமதித்தபோது கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலான சில வியாபாரத் துறைமுகங்களுக்கு மட்டுந்தான் அனுமதித்தார்கள். அவசரமாகப் பணம் தேவைப்படும் வர்த்தகர், பதிவு ஆபீஸுக்குப் போகாமல், பத்திரக் கட்டை பாங்கியில் கொடுத்துவிட்டுப் பணம் பெற்றுக்கொள்ளலாம். கப்பல் காத்திருக்குமா? வர்த்தகருக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் பின்னால் வாங்க வருகிறவருக்கு, கண்ணுக்குத் தெரியாத கடன். இப்போது தமிழ்நாட்டில் பாங்கிகள் இதற்கு ஒரு குறிப்புப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுவதால் பெரும்பாலும் வில்லங்கத்தில் வந்துவிடுகிறது. பழைய வைப்புகளும், பதிவு செய்யாத வைப்புகளும் அப்படி வருவதில்லை. ஒரே சொத்தின் மீது இரண்டு பாங்கிகளில் கடன் வாங்கும் மோசடி பெருகியதைக் கண்டு, 2011-ம் வருஷத்தில் மத்திய அடமானப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தினார்கள். செர்சாய் என்று சொல்லப்படும் இந்தப் பதிவேட்டையும் சிறிய கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். இரண்டாவது பாங்கியின் பெயர் அதில் தென்பட்டால், ஏலம் போடும் பாங்கியிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்க வேண்டும். வாய் வார்த்தை போதாது.

சகோதரியின் பங்கு

ஏலத்தில் எடுத்த வீட்டைப் பற்றி எழும் வழக்குகளில் மிகவும் மனத்தை வருத்துவது, குடும்பப் பங்கைப் பற்றியது. தகப்பனார் காலமானார். மூத்த பிள்ளை தம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார், வரி ரசீதும் அவர் பெயரில் வந்தது, பாங்கியில் வீட்டை ஈடு வைத்துக் கடை வைத்தார், கடை நொடித்தது. வில்லங்கத்தில் அவர் எழுதிக் கொடுத்த அடமானம் ஒன்றுதான் இருக்கும். ஆனால் கலியாணமாகி வேறு ஊரில் இருக்கும் சகோதரியின் பங்கு எங்கே? அவர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மூத்தவர் தமக்கு உள்ள பங்கைத்தான் ஈடு வைக்க முடியும்.

பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்பதைக் கோர்ட்டுகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன. கர்ணம் வேலை 1980-ல் ஒழிந்தது. ஆனால் "பட்டா நம் பேரில் இருந்தால் வீடு நம்முடையது" என்ற நம்பிக்கை ஒழிந்தபாடில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தம் இங்கே அமலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கலியாணமாகாத பெண்களுக்கு என்ற வரம்போடு வந்தது அது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த சட்டம் அந்த வரம்பையும் நீக்கியது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2004 டிஸம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த விற்பனையும் பாகப் பிரிவினையும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. நம் பெண்களுக்கு நியாயம் கிடைத்தது. அந்த நியாயத்தை வாங்குகிறவரும் மதித்து விசாரிக்க வேண்டும். வாரிசு ஸர்ட்டிபிகேட்டில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன, அடமானப் பத்திரத்தில் எத்தனை கையெழுத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஒத்து வராவிட்டால் விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை.

சில்லறைப் பாக்கிகள்

சில்லறை என்று சொல்கிறோமே தவிர, சில சமயங்களில் இவை லட்சக் கணக்கில் போகின்றன. வருஷக் கணக்காகக் கடன் கட்ட முடியாதவர் வீட்டு வரி, தண்ணீர் வரி, மின்சாரக் கட்டணம், அடுக்கு வீடானால் சங்கத்தின் பராமரிப்புச் சந்தா இவற்றை மட்டும் தவறாமல் கட்டியிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வரி பாக்கி விஷயத்தில், 1971-ல் ஆமதாபாத் நகரசபை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஏலம் எடுத்தவருக்கு அனுகூலமாகச் சொல்லியிருக்கிறது. பாக்கியைப் பற்றி அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தின் மீது அந்தப் பாக்கியைப் பொறுப்பாக்க முடியாது என்பது அத்தீர்ப்பு. ஆனால் இன்றைய அறிவிப்புகளில், "சட்டப்படியான பாக்கிகள் யாவும் வாங்குபவர் பொறுப்பு" என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அந்த வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர், அறியாமல் வாங்கினேன் என்று எப்படிச் சொல்வார்?

மின்சார விஷயத்தில் 2023-ம் வருஷத் தீர்ப்பு இன்னும் கண்டிப்பானது. கேரள மின்சார வாரியம் சம்பந்தப்பட்ட வழக்குகளில், பழைய சொந்தக்காரரின் பாக்கியைத் தீர்த்தால்தான் புது இணைப்பு என்று விதி இருக்குமானால் அந்த விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. "உள்ளது உள்ளபடி" என்று அறிவித்த சொத்தை வாங்கியவர், பாக்கி உண்டா என்று முன்னதாகவே விசாரித்திருக்க வேண்டியவர் என்பது கோர்ட்டின் கருத்து. ஆகையால் மின் இணைப்பு நம்பரைக் கேட்டு வாங்கி, பாக்கி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளாமல் ஏலம் கேட்பது தவறு. சொத்து தொழிற்சாலையோ பட்டறையோ ஆனால், தொழிலாளரின் சேம நிதிப் பாக்கி எல்லாவற்றுக்கும் முந்திய பொறுப்பாக வந்து நிற்கக்கூடும். குடும்பத்தினர் அத்தகைய இடங்களின் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். ஆரம்ப விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வரி, மின்சாரம், பராமரிப்புப் பாக்கிகள் 3 லட்சம். பூட்டிக் கிடந்த வீட்டைச் செப்பனிட 4 லட்சம். முத்திரைச் செலவும் வக்கீல் செலவும் சேர்ந்து 5 லட்சம். சுவாதீனம் கிடைக்கும் வரையில் ஒரு வருஷம் குடியிருக்கும் வாடகை 2 லட்சம். ஆக 74 லட்சம். போட்டியில் விலை ஏறினால் அது வேறு. இப்போது அதே தெருவில் வில்லங்கமில்லாத வீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மலிவு எவ்வளவு என்பது தெரியும். சில சமயம் மலிவே இல்லை என்பதும் தெரியும்.

உள்ளே இருப்பவர்

அறிவிப்பில் "சுவாதீனம்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். "நேரடிச் சுவாதீனம்" என்றால் சாவி பாங்கியிடம் இருக்கிறது. "அடையாளச் சுவாதீனம்" என்றால் பாங்கி கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கதவுக்கு உட்புறத்தில் குடும்பம் குடியிருக்கிறது. அவர்களை வெளியேற்ற மாஜிஸ்திரேட்டு அல்லது ஜில்லா கலெக்டரின் உத்தரவு பெற வேண்டும். கடன்காரர் சென்னை, கோயமுத்தூர், மதுரை ஆகிய ஊர்களிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், பாங்கி நடவடிக்கை எடுத்த 45 நாட்களுக்குள் மனுச் செய்துகொள்ளலாம். அங்கே தடை உத்தரவு இருக்கிறதா என்று பார்ப்பதும் வாங்குகிறவர் கடமை. அடமானத்துக்கு முன்பே முறைப்படி வாடகைக்கு வந்தவர் இருந்தால், அவருடைய உரிமையையும் சட்டம் கவனிக்கிறது.

ஏலத்துக்கு முன் ஒரு தடவையாவது அந்தத் தெருவுக்குப் போய் வர வேண்டும். பதிவேட்டில் இல்லாத செய்திகள் பால்காரரிடமும் இஸ்திரிக்காரரிடமும் கிடைக்கும். "அந்த அம்மா நாத்தனாரோட கோர்ட்டுக்குப் போயிட்டிருக்காங்க, சார்" என்று ஒரு வார்த்தை தெருமுனையில் கிடைத்தால், அது வக்கீலின் பத்துப் பக்கக் கடிதத்தைவிட மேலானது.

இங்கே ஒரு தர்ம சங்கடம் பலருக்கும் எழுகிறது. "நொந்து போன குடும்பத்தின் வீட்டை வாங்கினால் நமக்கு ஒட்டுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கடன்பட்டவன் கதியைப் பற்றி நம் நாட்டில் கவலைப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அதற்கு முந்திய அக்டோபர் முதல் தேதி வரையில் சேர்ந்திருந்த வட்டிப் பாக்கியை ரத்து செய்தது. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். ஏலத் தொகையில் பாங்கியின் கடனும் செலவும் போக மீதி இருந்தால், அது சொந்தக்காரருக்குச் சேர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தொகை போதாவிட்டாலோ, மிச்சக் கடன் அவர் தலையில் தொடர்ந்து நிற்கிறது. வில்லங்கம் இருக்குமோ என்று பயந்து எல்லோரும் ஒதுங்கும்போது விலை விழுகிறது. அதனால் நஷ்டமடைகிறவர் யார்? அந்த நொந்த குடும்பமே. எல்லாவற்றையும் தீர விசாரித்துத் தெரிந்துகொண்டு, தைரியமாக நியாயமான விலை கேட்கிறவர், தம்முடைய குடும்பத்தோடு அந்தக் குடும்பத்துக்கும் நன்மை செய்கிறார்.

பதினைந்து நாள்

ஏலம் இப்போது பெரும்பாலும் இணையத்தில் நடக்கிறது. முன்பணம் கட்டியவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே கேட்கிறார்கள். தண்டோராவும் இல்லை, "ஒரு தரம், இரண்டு தரம்" என்ற கூவலும் இல்லை. ஆனால் ரத்தம் சூடேறுவது மட்டும் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. கூட்டிப் பார்த்த காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் குறித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது.

ஏலம் நம் பெயரில் முடிந்தால், அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளைக்குள், முன்பணமும் சேர்ந்து தொகையில் நூற்றுக்கு இருபத்தைந்து கட்டியாக வேண்டும். மீதி எழுபத்தைந்து, ஏலம் உறுதியான பதினைந்தாம் நாளுக்குள். எழுத்து மூலமாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மொத்தம் மூன்று மாதம் வரையில் நீட்டலாம். தவறினால் கட்டிய பணம் போயிற்று. 2024-ல் தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரையில் போன ஒரு வழக்கில், ஏலம் எடுத்தவர் கட்டிய மூன்று கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பாங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பாங்கிக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

ஆதலால் விசாரணை முழுவதும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏலம் எடுத்த பிறகு வக்கீலைத் தேடுவதற்குப் பதினைந்து நாள் போதாது. வீட்டுக் கடன் வாங்கி மீதியைக் கட்டலாம் என்று நினைப்பவர்கள், ஏலச் சொத்துக்குக் கடன் தர அந்தப் பாங்கி சம்மதிக்கிறதா என்பதையும் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வெளியாகும் வரையில் கடன்காரர் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று 2016-ம் வருஷத் திருத்தம் சொல்கிறது. அந்தத் தேதி எப்போது கடந்தது, அறிவிப்பு விதிப்படி வெளியாயிற்றா என்பதையும் வக்கீல் பார்த்துச் சொல்வார். அறிவிப்பில் குறை இருந்தால் ஏலமே ரத்தாகும்.

பணம் முழுவதும் கட்டியான பிறகு பாங்கியின் அதிகாரி விற்பனை ஸர்ட்டிபிகேட் கொடுக்கிறார். சந்தோஷத்தில் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. பாங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்கள் நீங்கிய நிலையில் விற்கப்பட்டதா இல்லையா என்று அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த வரி இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சர்வே நம்பர், சக்குபந்தி, சதுர அடி மூன்றையும் தாய்ப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். மூலப் பத்திரங்கள் எத்தனை என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஸர்ட்டிபிகேட்டின் நகல் ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸின் முதல் புத்தகத்தில் ஏறிய பிறகு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை கடைசி வரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.